கன்ட்ரி பாட்டுகளில் மிகச் சோகமானது எது? அது ஏன் நம்மை இப்படி உலுக்குகிறது?

பிப்ரவரி 9, 2024 (வாசகர் ஒருவர் கேட்டது)

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட கன்ட்ரி பாட்டு என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மனைவி விட்டுப் போய்விட்டாள், நாய் செத்துப்போச்சு, வண்டி நடுரோட்டில் நின்னுபோச்சு, பாட்டில் காலி. இதற்குப் போய் ஆட்கள் ஏன் கண்ணீர் விடுகிறார்கள்? உண்மையிலேயே சோகமான பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்று போதும்.

பிப்ரவரி 9, இரவு

ஒன்று போதும் என்றால் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய 'ஹி ஸ்டாப்ட் லவிங் ஹர் டுடே'. 1980இல் வந்தது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். இதற்குக் கீழே நான் எழுதப்போவதைப் படிக்கும் முன் கேட்டுவிடுங்கள். கதை தெரிந்தபிறகு கேட்டால் முதல் தடவை விழ வேண்டிய அடி விழாது.

பிப்ரவரி 10

கேட்டாச்சு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அழுகை வரலை" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பாட்டுக்குள்ளே போய்ப் பார்ப்போம்.

ஒருவன் ஒருத்தியிடம் சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்கிறான். காலம் போனால் மறந்துவிடுவாய் என்று அவள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அவன் மறக்கவில்லை. அவள் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய பழைய கடிதங்கள், 1962ஆம் ஆண்டுத் தேதி போட்டவை. அவற்றில் 'உன்னை நேசிக்கிறேன்' என்று வரும் இடத்திலெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு. இதையெல்லாம் நமக்குச் சொல்வது அவன் இல்லை, அவனுடைய நண்பன். இன்று போய்ப் பார்த்தேன், கண்ணில் நீர் இல்லை, எங்கோ புறப்படுகிறவன் மாதிரி நன்றாக உடுத்தியிருந்தான், பல வருஷம் கழித்து அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன் என்கிறான். நமக்கும் அப்பாடா என்று இருக்கிறது. அடுத்த வரியில் வாசல் கதவில் மலர்வளையம் வைக்கிறார்கள்.

அவன் செத்துப்போனான் என்று பாட்டு எங்கேயும் சொல்லவில்லை. அவளை நேசிப்பதை இன்று நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். கணக்குப் போட்டு விடை காண்பது நம் வேலை. அந்த விடையை நாமே கண்டுபிடிப்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, பின்னிரவு

சிவப்பு மை அடிக்கோடுதான் எனக்கு அந்தப் பாட்டு. 'அவளை மறக்கவே முடியவில்லை' என்று நூறு பாட்டில் வந்துவிட்டது, அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஒரு ஆள் ராத்திரியில் பேனாவை எடுத்து, பழைய கடிதத்தில் ஒவ்வொரு வரியாகத் தேடிக் கோடு போடுகிறான். அது கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பிப்ரவரி 12

இந்தப் பாட்டு உருவான விதமும் தெரிய வேண்டியதுதான். எழுதியவர்கள் இருவர், பாபி பிராடக், கர்லி புட்மன். தயாரித்தவர் பில்லி ஷெர்ரில். ஜோன்ஸுக்குப் பாட்டு பிடிக்கவில்லை. இவ்வளவு சாவு வாடை அடிக்கிற பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்றார். அப்போது அவர் இருந்த நிலையும் மோசம். குடி, கொக்கெய்ன், கடன். கச்சேரிக்கு வராமலே போவதால் 'நோ ஷோ ஜோன்ஸ்' என்று பெயர் வாங்கியிருந்தார். மனைவியும் பாடகியுமான டேமி வைனட்டுடன் விவாகரத்து ஆகியிருந்தது 1975இல். ஸ்டுடியோவில் இந்தப் பாட்டைப் பாடச் சொன்னால், மெட்டு நழுவிப்போய் 'ஹெல்ப் மி மேக் இட் த்ரூ தி நைட்' மெட்டில் பாடிவிடுவாராம். பாடிய பகுதிக்கும் நடுவில் பேசும் அந்த நாலு வரிக்கும் இடையே ஒன்றரை வருஷம் போய்விட்டது என்று ஷெர்ரில் சொல்லியிருக்கிறார்.

பேசும் பகுதியில்தான் அவள் வருகிறாள். கடைசியாக ஒருமுறை பார்க்க. வருவாளா மாட்டாளா என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவள் வருகிற மாதிரி ஒரு பகுதி வேண்டும் என்று எழுதியவர்களைத் திரும்ப உட்கார வைத்தவரும் ஷெர்ரில்தான். அது இல்லாவிட்டால் இது நல்ல சோகப் பாட்டு, அவ்வளவே.

பாட்டு முதலிடத்துக்குப் போனது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாடல் விருது 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷமும் இதற்கே.

பிப்ரவரி 13

பேச்சு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: பாடத் தெரிந்தவர் ஏன் பாட்டை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும்?

கன்ட்ரியில் இது பழைய வழக்கம். பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 'லூக் தி டிரிஃப்டர்' என்ற வேறு பெயரில் முழுக்க முழுக்கப் பேச்சாகவே பல பதிவுகள் வெளியிட்டார். டாலி பார்ட்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' 1974இல் வெளிவந்தபோது அதிலும் ஒரு சரணத்தை அவர் பேசுகிறார். பின்னால் இதைப் பாடிய விட்னி ஹூஸ்டன் குரலில் மட்டும் கேட்டவர்களுக்கு இது தெரியாது. அது காதலனை விட்டுப் பிரியும் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தனக்கு இடம் கொடுத்த பாடகர் போர்ட்டர் வேகனரின் குழுவை விட்டு விலகும்போது, அவருக்கு விடை சொல்வதற்காக டாலி எழுதியது. உள்ளே கோபம் துளியும் இல்லை. நீங்கள் நல்லா இருக்கணும் என்று சொல்லும் இடத்தில்தான் பாடுவதை நிறுத்திப் பேசுகிறார்.

பாடும்போது ஒருவர் மேடையில் இருக்கிறார். பேச ஆரம்பித்ததும் நம் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார். துக்க வீட்டுத் திண்ணையில் யாரோ தணிந்த குரலில் "நேத்துகூட நல்லாத்தான் பேசிட்டிருந்தார்" என்று சொல்லும்போது, உள்ளே கதறுகிற குரலைவிட அது நம்மை அதிகம் உலுக்கும்.

பிப்ரவரி 15

ஆக நான் சொல்ல வருவது இதுதான். நல்ல சோக கன்ட்ரி பாட்டில் பாடுகிறவர் அழமாட்டார். செய்தியைச் சொல்வார், ஒரு பொருளைக் காட்டுவார், குரலை உயர்த்தமாட்டார். அழுவதற்கான இடம் முழுவதும் கேட்பவருக்கு.

அதே கர்லி புட்மன் தனியாக எழுதியது 'கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்'. ஒருவன் ரயிலில் ஊருக்கு வந்து இறங்குகிறான், அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள், காதலி ஓடி வருகிறாள், பழைய வீடு, சின்ன வயதில் ஏறி விளையாடிய ஓக் மரம். கடைசிச் சரணத்தில் கண் விழிக்கிறான். சுற்றிலும் நான்கு சாம்பல் நிறச் சுவர். காவலாளியும் பாதிரியாரும் இருக்கிறார்கள். விடிந்ததும் தூக்கிலா வேறு எதிலா என்று சொல்வதில்லை. அதே மரத்தடியில் அவனைப் புதைக்கும்போது எல்லாரும் வருவார்கள், அதோடு முடிகிறது. 1965இல் போர்ட்டர் வேகனர் பாடினார், அடுத்த வருஷம் டாம் ஜோன்ஸ் பாடி உலகமெங்கும் போனது. டாம் ஜோன்ஸின் குரல் பெரிது, எனக்கு வேகனரே போதும்.

பிப்ரவரி 15, மறுபடி

புட்மன், பிராடக் ஜோடியின் இன்னொரு பாட்டும் நினைவுக்கு வந்தது. 1968, டேமி வைனட், 'டி-ஐ-வி-ஓ-ஆர்-சி-ஈ'. ஒரு தாய், நாலு வயது மகனுக்குப் புரியக்கூடாது என்று விவாகரத்து சம்பந்தப்பட்ட சொற்களையெல்லாம் எழுத்துக் கூட்டிச் சொல்கிறாள். பிள்ளை அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான். இதைப் பிராடக் முதலில் தனியாக எழுதிப் பல இடங்களில் கொடுத்துப் பார்த்தும் யாரும் எடுக்கவில்லை. ஏன் என்று புட்மனிடம் கேட்டபோது, சொல்லுகிற விஷயத்துக்கு மெட்டு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லி ஓரிடத்தில் மெட்டை மாற்றினார். அந்த மாற்றத்தோடுதான் அது முதலிடத்துக்குப் போனது. சோகத்தை ஏற்றுவதற்குச் சொல்லை மாற்றவில்லை, இசையைத்தான் தொட்டார்கள். இதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 18

யோசித்தேன். நான் 15ஆம் தேதி சொன்னதில் ஹாங்க் வில்லியம்ஸ் இடிக்கிறார்.

'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டில் கதை இல்லை. யார் போனாள், ஏன் போனாள், ஒன்றும் தெரியாது. மறைத்து வைத்துக் கடைசியில் உடைக்கிற செய்தியும் இல்லை. ஒரு ராப்பறவை பறக்க முடியாத சோர்வில் கூவுகிறது. நள்ளிரவு ரயில் தாழ்ந்த குரலில் ஊளையிட்டுப் போகிறது. நிலா மேகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறது. இலைகள் உதிரும்போது ராபின் குருவி அழுகிறது. ஊதா வானத்தில் ஒரு நட்சத்திரம் விழுகிறது. 1949 ஆகஸ்ட் 30ஆம் தேதி சின்சினாட்டியில் ஹெர்சாக் ஸ்டுடியோவில் பதிவானது. வெளியிட்டபோது இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். 1973 ஹவாய் நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாடும் முன், தன் வாழ்வில் கேட்டதிலேயே சோகமான பாட்டு இதுதான் என்று சொன்னார்.

ஆனால் இதிலும் பாடுகிறவன் அழவில்லை என்பதைப் பாருங்கள். பறவை அழுகிறது, நிலா அழப் போகிறது. அவன் அழுதுவிடும் நிலையில் இருக்கிறான், அவ்வளவுதான். மூன்று தட்டு வால்ட்ஸ் தாளம், யாரையாவது கைபிடித்து ஆட வேண்டிய தாளம், அதில் ஒருவன் தனியாக நிற்கிறான். கதை வேண்டும் என்று நான் சொன்ன பகுதியை விட்டுவிடுகிறேன். அழுகையை வேறொன்றின் கையில் கொடுத்துவிடுவது என்ற பகுதி நிற்கிறது, இன்னும் உறுதியாகவே நிற்கிறது.

நாய் ஒன்றும் சாகவில்லை, கேள்வி கேட்டவர் கவனிக்கவும்.

பிப்ரவரி 19

ஹாங்க் இறந்தது 1953 ஜனவரி 1. ஒஹாயோ மாநிலம் கேன்டனில் கச்சேரி. போகும் வழியில் காடிலாக் காரின் பின்சீட்டிலேயே உயிர் போயிருந்தது. வயது 29. அப்போது கடைகளில் இருந்த அவருடைய பாட்டின் தலைப்பு, 'இந்த உலகத்திலிருந்து உயிரோடு தப்பமாட்டேன்' என்று பொருள்படும் ஒன்று. அது வேடிக்கைப் பாட்டாக எழுதப்பட்டது. பாடியவரின் சாவு பாட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் பாட்டை மட்டும் தனியாகக் கேட்பது கஷ்டம்தான். ஆனால் எல்விஸ் பாடினாலும் வேறு யார் பாடினாலும் அந்த ராப்பறவைப் பாட்டு நிற்கிறது. வாழ்க்கை வரலாறு இல்லாமலே நிற்கிற பாட்டு.

பிப்ரவரி 22

அழுகையை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதற்கு நேரடியான பதில்: ஸ்டீல் கிட்டார்.

ஹவாயிலிருந்து வந்த வாத்தியம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் தந்தி மேல் இரும்பை நகர்த்தி வாசித்துப் பரப்பியது. நம் சித்திரவீணையில் கட்டையை நகர்த்துவது போலத்தான், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற இடமெல்லாம் கேட்கும். அதற்குப் பிறகு காலில் பெடல் வந்தது. 1954இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் வாசித்ததைக் கேட்டபின் ஊரில் உள்ள ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லாரும் தங்கள் வாத்தியத்தில் பெடல் பொருத்த ஆரம்பித்தார்கள். பெடலை மிதித்தால் ஒரு தந்தியின் சுருதி மட்டும் ஏறும், பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். ஒரு சுரம் இருந்த இடத்திலேயே இருக்க, இன்னொன்று அதைவிட்டு விலகிப் போவதைக் காதால் கேட்கலாம். இன்னொரு காலில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடல். அதைக் கொண்டு, மீட்டும் ஓசை கேட்காமல் ஒலி மட்டும் மெல்ல எழும்பி வரச் செய்வார்கள். தொண்டை அடைத்துக்கொண்டு பிறகு குரல் வருமே, அதேதான்.

ஜார்ஜ் ஜோன்ஸ் பாட்டை மறுபடி ஹெட்போனில் கேளுங்கள். அவர் குரல் எங்கே அடங்குகிறது, ஸ்டீல் எங்கே எழுகிறது என்று பாருங்கள். போன் ஸ்பீக்கரில் இது கிடைக்காது.

பிப்ரவரி 24

"ரெட் சோவைனின் 'டெடி பேர்' பாட்டை ஏன் விட்டுவிட்டீர்கள், என் அப்பா கேட்டு அழுவார்" என்று ஒருவர்.

1976. முழுக்கப் பேச்சு. நடக்க முடியாத சிறுவன், லாரி ஓட்டிய அப்பா இறந்துவிட்டார், வீட்டில் அவர் விட்டுப்போன சி.பி. ரேடியோ, லாரிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற கருவி. அதில் பையன் லாரிக்காரர்களைக் கூப்பிடுகிறான். யாராவது என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போவீர்களா என்கிறான். தெரு முழுக்க லாரிகள் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. எனக்கு இது எடுபடவில்லை. ஊனம், அப்பா சாவு, ஏழைத் தாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நான் கண்டுபிடிக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை.

பிப்ரவரி 25

'டெடி பேர்' கேட்டு அழும் உங்கள் அப்பாவைப் பற்றி நேற்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் லாரி ஓட்டியவர் என்று அடுத்த பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். வாரக்கணக்கில் வீட்டை விட்டு ரோட்டிலேயே இருந்தவருக்கு, 'உன் பிள்ளை உன் குரலைத் தேடுகிறான்' என்று ஒரு பாட்டு சொன்னால், அது அவருடைய விஷயம். என் ரசனையை அங்கே கொண்டுபோய் நீட்டக்கூடாது. எனக்கு எடுபடவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 28

என்னைப் பிடித்து உலுக்கிய பாட்டைச் சொல்கிறேன். கேத்தி மத்தேயா, 1989, 'வேர்வ் யூ பீன்'. அவருடைய கணவர் ஜான் வெஸ்னரும் டான் ஹென்றியும் எழுதியது. வெஸ்னரின் சொந்தத் தாத்தா பாட்டியின் கதை.

கிளேர், எட்வின் என்று ஒரு தம்பதி. அவர் விற்பனைப் பிரதிநிதி, தினமும் ராத்திரி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறவர். ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு மிகத் தாமதமாக வருகிறார். அவள் பயந்துபோய், எங்கே போயிருந்தாய், எவ்வளவு நேரமாகத் தேடுகிறேன் என்கிறாள். அறுபது வருஷம் போகிறது. இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேறு வேறு மாடியில். அவளுக்கு நினைவு போய்விட்டது, பேச்சும் இல்லை. ஒருநாள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். அவள் வாய் திறந்து அதே கேள்வியைக் கேட்கிறாள்.

என் ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் யாரையும் தெரியவில்லை. பெற்ற பெண்களை "நீங்க எந்த ஊரு?" என்பார். இடுப்பில் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே இருப்பார் என்று அம்மா எதற்கும் உதவாத பழைய சாவிகளை ஒரு வளையத்தில் கோத்துச் செருகிவிட்டிருந்தாள். தாத்தா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் வாசல் கேட்டின் கொண்டி சத்தம் கேட்டால் போதும், தலையைத் தூக்கி "சாப்பிட்டாச்சா?" என்பார். யார் வந்தாலும் அதே கேள்வி. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடமும் கேட்டார். அந்த ஆள் நின்று, "ஆச்சு ஆச்சி" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது அதற்கெல்லாம் பிறகு. கன்ட்ரி பாட்டுகள் பதிவாகிற டென்னஸி மாநிலமும் தெரியாது, அந்த எட்வினும் கிளேரும் யாரென்று தெரியாது. கொண்டி சத்தம்தான் கேட்டது.

மார்ச் 2

"சோகப் பாட்டு கேட்டால் மனசு கெட்டுப்போகும், கன்ட்ரி பாட்டால் தற்கொலை கூடுகிறது என்று ஆய்வே இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. 1992இல் ஸ்டீவன் ஸ்டாக், ஜிம் கண்ட்லக் இருவரும் எழுதியது. 49 பெருநகரப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, வானொலியில் கன்ட்ரி அதிகம் ஒலிக்கும் இடங்களில் வெள்ளையர்களின் தற்கொலை விகிதமும் அதிகம் என்றார்கள். அதை மறுத்து மற்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள், விவாதம் சில வருஷம் ஓடியது. 2004இல் அதற்கு இக் நோபல் கொடுத்தார்கள், விசித்திரமான ஆய்வுகளுக்குக் கொடுக்கும் வேடிக்கை விருது.

வேலை போன ஊரில், வீடு உடைந்த ஊரில், அந்த வலியைச் சொல்கிற பாட்டு அதிகம் கேட்கும். அதனால் பாட்டுதான் வலியைக் கொண்டுவந்தது என்று ஆகிவிடாது. என்னைப் பொறுத்தவரை ஆச்சி போன வருஷம் சந்தோஷமான பாட்டுகள்தான் தாங்க முடியாமல் இருந்தன. மத்தேயாவின் பாட்டைக் கேட்டபிறகு நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 3

ஜானி கேஷின் 'ஹர்ட்' கன்ட்ரியே இல்லை என்று சண்டை போடுகிறவர்களுக்கு: எழுதியது ராக் இசைக்காரர் ட்ரென்ட் ரெஸ்னர், வேறு உலகம், ஒத்துக்கொள்கிறேன். 2002இல் கேஷ் பாடியபிறகு அது எந்தக் கடையில் அடுக்கப்படுகிறது என்பது எனக்கு முக்கியமில்லை. மார்க் ரோமனெக் எடுத்த காணொளியில் ஜூன் கார்ட்டர் பின்னால் நின்று கணவரைப் பார்க்கும் பார்வை ஒன்று போதும். அவர் 2003 மே மாதம் போனார், கேஷ் செப்டம்பரில்.

மார்ச் 6

பாடுகிறவர் அழக்கூடாது என்று நான் சொன்னதற்கு எதிராக ஒருவர் பாடகர் வின்ஸ் கில்லைக் கொண்டுவந்திருக்கிறார். நல்ல எதிர்வாதம், இதுவரை வந்ததிலேயே சிறந்தது.

'கோ ரெஸ்ட் ஹை ஆன் தட் மௌண்டன்'. கன்ட்ரி பாடகர் கீத் விட்லி 1989இல் குடியால் இறந்தபோது வின்ஸ் கில் எழுத ஆரம்பித்து விட்டுவிட்டார். 1993இல் தன் அண்ணன் இறந்தபிறகு எழுதி முடித்தார். 2013 மே 2, நாஷ்வில்லில் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் ஜார்ஜ் ஜோன்ஸின் இறுதி அஞ்சலி நிகழ்ச்சி. வின்ஸ் கில்லும் பாடகி பாட்டி லவ்லஸும் இதைப் பாடுகிறார்கள். நடுவில் அவருக்குக் குரல் உடைந்துவிடுகிறது. வார்த்தை வரவில்லை. லவ்லஸ் விடாமல் பாடிக்கொண்டு போகிறார். கில் கிட்டாரை வாசிக்கிறார். பாட முடியாத இடத்தையெல்லாம் விரல் வாசிக்கிறது.

இசைத்தட்டில் அவர் அழவில்லை, ஒரு சொல்கூடப் பிசகாமல் பாடியிருக்கிறார். பாட்டு அப்படிக் கட்டப்பட்டதால்தான் அன்றைக்கு அவர் உடைந்தபோதும் அது விழாமல் நின்றது. இன்னொருவர் ஏந்திக்கொள்ள முடிந்தது. அதனால் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அழக்கூடாது என்பது பாட்டை எழுதுகிறவருக்கான விதி, மேடையில் நிற்கிற மனிதருக்கு இல்லை என்று சேர்த்துக்கொள்கிறேன்.

அதே நிகழ்ச்சியில் ஆலன் ஜாக்சன் 'ஹி ஸ்டாப்ட் லவிங் ஹர் டுடே' பாடினார். கடைசியில் தொப்பியைக் கழற்றினார். அதையும் தேடிப் பாருங்கள்.

மார்ச் 9

ஜிம் ரீவ்ஸ் இல்லாமல் இந்த இழையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயம். இலங்கையிலும் இந்தியாவிலும் கன்ட்ரி என்ற பெயர் தெரியாதவர்கள் வீட்டிலும் அவர் குரல் இருந்தது. எங்கள் பக்கம் தூத்துக்குடியில் பெரியப்பா வீட்டில் கிறிஸ்துமஸ் சமயம் கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் நின்று, கத்தாமல், காதோடு சொல்கிற மாதிரிப் பாடுவார். 1964 ஜூலை 31, தன் சிறிய விமானத்தைத் தானே ஓட்டி வந்தபோது நாஷ்வில் பக்கத்தில் புயல்மழையில் விழுந்து இறந்தார்.

அவருடைய 'ஹீ'ல் ஹேவ் டு கோ' பாட்டில் ஒருவன் மதுக்கடையிலிருந்து காதலிக்கு போன் செய்கிறான். அங்கே அவளோடு இன்னொருவன் இருக்கிறான். இவன் சண்டை போடவில்லை. போனை வாயருகே வைத்துக்கொள், இங்கே பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்கிறான். அவள் என்ன பதில் சொன்னாள் என்று நமக்குக் கேட்பதே இல்லை. 1960இல் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெளியிடும் கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. பெரியப்பா வீட்டில் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இனிமையான காதல் பாட்டு என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 10

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, எந்த வரிசையில் கேட்பது என்கிறார். முதலில் ஜிம் ரீவ்ஸ், காதுக்குப் பழகும். அப்புறம் டேமி வைனட். அப்புறம் போர்ட்டர் வேகனர். ஹாங்க் வில்லியம்ஸை ராத்திரிக்கு வையுங்கள். மத்தேயாவைத் தனியாக இருக்கும்போது. ஜார்ஜ் ஜோன்ஸைக் கடைசியில் இன்னொரு தடவை, இந்தத் தடவை ஸ்டீலை மட்டும் கவனித்து. அழுகை வந்ததா இல்லையா என்று எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று தெரிந்தால் பேசுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.